யானிஸை விற்பதா, வைத்துக்கொள்வதா? மில்வாக்கியின் முன் இருக்கும் நான்கு வழிகள்

கூடைப்பந்து பார்க்கும் நண்பர்கள் இந்தக் கோடை முழுவதும் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆடும் மில்வாக்கி பக்ஸ் அணி, தன் நட்சத்திரம் யானிஸ் அன்டெட்டோகும்போவை என்ன செய்ய வேண்டும்? சிலருக்குச் சான் அன்டோனியோவின் இளம் வீரர்கள் மீது கண். சிலருக்கு நியூயார்க். இன்னும் சிலர், நகரத்துக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தவரை விற்கும் பேச்சே கூடாது என்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் மாத நிலவரத்தை வைத்து இதை எழுதுகிறேன். கீழே வரும் பரிமாற்றங்கள் என் ஊகங்கள். சம்பளம், ஒப்பந்தம், டிராஃப்ட் (இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) உரிமைகள் பற்றிய விவரங்கள் அந்த மாதத்தில் நடப்பில் இருந்தவை.

இப்போதைய நிலை

2013 டிராஃப்டில் 15-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் யானிஸ். 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லீகின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்கே. 2021 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஃபீனிக்ஸுக்கு எதிராக 50 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்று தந்தார். கடந்த பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.4 புள்ளிகள், 11.9 ரீபவுண்டுகள். வருகிற டிசம்பரில் 31 வயது நிறைகிறது. ஆட்டத்தில் தேய்மானம் தெரியவில்லை.

தேய்ந்திருப்பது அவரைச் சுற்றியுள்ள அணி. 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிளேஆஃபின் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) முதல் சுற்றிலேயே வெளியேறியது. கடைசித் தொடரில் அணியின் இன்னொரு நட்சத்திரம் டேமியன் லில்லார்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அவருக்குத் தர வேண்டியிருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட்டு, ஜூலையில் அணி அவரை விடுவித்தது. அப்படிக் கிடைத்த இடத்தில் இந்தியானாவின் மைல்ஸ் டர்னரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தது. ஆண்டுக்குச் சுமார் 2.25 கோடி டாலர், ஆடாத ஒருவரின் பெயரில் 2030 வரை மில்வாக்கியின் சம்பளக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். லில்லார்டோ போர்ட்லாண்டுக்கே திரும்பிவிட்டார்.

எதை வைத்து அளப்பது

நான்கு அளவுகோல்கள் வைத்திருக்கிறேன். நான்கும் ஒரே எடை கொண்டவை அல்ல.

முதலாவது, மில்வாக்கியின் சொந்த முதல் சுற்றுத் தேர்வுகள், அதாவது டிராஃப்டின் முதல் சுற்றில் வீரரை எடுக்கும் உரிமைகள். மற்ற மூன்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. ஒரு நட்சத்திரத்தை விற்ற அணி தோற்கும். தோற்ற அணிக்கு அடுத்த டிராஃப்டில் முன்வரிசை இடம் கிடைக்கும். நட்சத்திரத்தை விற்பதில் உள்ள உண்மையான வருமானமே இதுதான். அந்த இடங்களைத்தான் மில்வாக்கி ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

2020-இல் ஜூரூ ஹாலிடேவை வாங்கியபோது 2027-ஆம் ஆண்டுத் தேர்வு நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. 2026-இல் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து போனது. அந்த 2026 உரிமையை நியூ ஆர்லியன்ஸ் இந்த ஆண்டு டிராஃப்ட் இரவில் அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது. ஆக, நியூ ஆர்லியன்ஸ், மில்வாக்கி இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது அட்லாண்டாவுக்கு. பின்னால் வருவது மில்வாக்கிக்கு. 2023-இல் லில்லார்டுக்காக 2029 தேர்வும், 2028, 2030 மாற்று உரிமைகளும் போர்ட்லாண்டுக்குச் சென்றன. 2028-இல் கைல் கூஸ்மா பரிமாற்றத்தின் வழியே வாஷிங்டனுக்கும் ஓர் உரிமை உண்டு. 2031 வரை மில்வாக்கி தன் தோல்வியின் பலனை முழுமையாக அனுபவிக்க முடியாது. விதைநெல்லை விற்ற பிறகு வயலைத் தரிசு போட்டால் மண் வேண்டுமானால் தேறும். அடுத்த விளைச்சல் இன்னொருவர் களத்துக்குத்தான் போகும்.

2019-இல் பால் ஜார்ஜை விற்ற ஓக்லஹோமாவை முன்மாதிரியாகக் காட்டாதவர் இல்லை. ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு மாற்று உரிமைகள் வாங்கினார்கள். அந்தத் தேர்வுகளில் ஒன்றுதான் 2022-இல் 12-ஆவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸாக வந்தது. ஆறே ஆண்டுகளில் சாம்பியன். ஆனால் அதே 2022 டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் வந்த செட் ஹோல்ம்கிரன், ஓக்லஹோமா 58 ஆட்டங்களில் தோற்றுச் சம்பாதித்த சொந்தத் தேர்வு. விற்றதன் பலனும் தோற்றதன் பலனும் ஒரே கையில் சேர்ந்ததால்தான் அந்த அணி உருவானது. மில்வாக்கிக்கு இரண்டாவது பாதி கிடையாது. இதைச் சொல்லாமல் ஓக்லஹோமா கதையை மட்டும் சொல்வது ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது அளவுகோல், வருகிற வீரர்களில் ஒருவராவது முதன்மை ஆட்டக்காரராக வளரக்கூடியவரா என்பது. மூன்று நல்ல துணை வீரர்கள் சேர்ந்தாலும் ஒரு யானிஸ் ஆவதில்லை.

மூன்றாவது, சம்பளக் கணக்கு. இந்தப் பருவத்துச் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். இரண்டாம் ஏப்ரன் என்ற மேல் எல்லை சுமார் 20.78 கோடி. அதைத் தாண்டிய அணி, இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. யானிஸின் இந்த ஆண்டுச் சம்பளம் சுமார் 5.41 கோடி, அதற்கு ஈடாக வருகிற ஒப்பந்தங்கள் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பது முக்கியம்.

நான்காவது, காலம். யானிஸின் ஒப்பந்தத்தில் உறுதியான பருவங்கள் இரண்டுதான் மிச்சம். 2027-28 அவருடைய விருப்பம். இன்று வாங்கும் அணிக்கு இரண்டு பருவங்கள் உறுதி. அடுத்த கோடையில் வாங்கும் அணிக்கு ஒன்றுதான். விலை தானாகவே இறங்கும்.

வழி 1: வைத்துக்கொள்வது

இதற்கு ஆதரவான வாதம் பலரும் நினைப்பதைவிட வலுவானது. லீகின் இரு பிரிவுகளில் மில்வாக்கி ஆடும் கிழக்கு மாநாடு திறந்து கிடக்கிறது. பாஸ்டனின் ஜேசன் டேட்டம், இந்தியானாவின் டைரிஸ் ஹாலிபர்ட்டன் இருவருக்கும் பிளேஆஃபில் குதிகால் தசைநார் அறுந்தது. பாஸ்டன் செலவைக் குறைக்க ஹாலிடேவையும் போர்சிங்கிஸையும் அனுப்பிவிட்டது. இந்தியானாவின் மைய வீரர் டர்னர் இப்போது மில்வாக்கியில். வெளியிலிருந்து மூன்று புள்ளி வீசவும், உள்ளே வந்து தடுக்கவும் தெரிந்த உயரமான வீரர் பக்கத்தில் இருந்தால் யானிஸுக்கு வளையம் வரை பாதை திறக்கும். 2021-இல் புரூக் லோபஸ் செய்த வேலை அது.

சொந்தத் தேர்வு என்ற முதல் அளவுகோலிலும் இந்த வழிதான் முந்துகிறது. வென்றால், அட்லாண்டாவுக்கும் போர்ட்லாண்டுக்கும் போகிற தேர்வுகள் 20-ஆவது இடத்துக்குப் பின்னால் விழும். ஏற்கெனவே கொடுத்ததன் விலையைக் குறைக்க இதைத் தவிர வேறு வழி மில்வாக்கியிடம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு காலத்தில் இருக்கிறது. பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தக்கூடிய இரண்டாம் நட்சத்திரம் அணியில் இல்லை. வாங்குவதற்குப் பொருளும் இல்லை. 2031, 2032 தேர்வுகளில் ஏதாவது ஒன்றைத்தான் இப்போது கொடுக்க முடியும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றை இழக்க லீக் விதி அனுமதிக்காது. அந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு மறுபடி முதல் சுற்றில் தோற்றால், 2026 கோடையில் மில்வாக்கி பேரம் பேசும் நிலையிலேயே இருக்காது.

இந்த வழி சரியாக அமைவது, யானிஸ் 2026 அக்டோபரில் ஒப்பந்தத்தை நீட்டிக்க மனமுள்ளவர் என்று அணிக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் மட்டுமே.

வழி 2: சான் அன்டோனியோ

கற்பனையைத் தூண்டுவது இதுதான். சான் அன்டோனியோவின் நெடிய நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமாவும் யானிஸும் ஒரே அணியில் நின்றால் வளையத்துக்குப் பக்கத்தில் யார் போவார்கள்?

மில்வாக்கிக்கு வரக்கூடியது: இந்த ஆண்டு இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்ட டிலன் ஹார்ப்பர், அல்லது கடந்த பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் ஸ்டெஃபான் காஸில். சம்பளத்தை ஈடுகட்ட டெவின் வாஸல், ஹாரிசன் பார்ன்ஸ். மேலே அட்லாண்டாவின் 2027 தேர்வு. வாஸலுக்குச் சுமார் 2.7 கோடி, பார்ன்ஸுக்கு 1.9 கோடி, ஹார்ப்பரைச் சேர்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது.

நான் மில்வாக்கி நிர்வாகமாக இருந்தால் ஹார்ப்பரைத்தான் கேட்பேன். காஸிலின் தடுப்பாட்டமும் துணிச்சலும் எனக்குப் பிடிக்கும். ஆனால் முதல் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி வீச்சு 30 சதவீதத்தைத் தொடவில்லை. யானிஸுக்குப் பிந்தைய அணியைக் கட்டியெழுப்ப, தனக்கும் பிறருக்கும் வாய்ப்பை உருவாக்கும் கை வேண்டும். சான் அன்டோனியோவும் அதே காரணத்துக்காக ஹார்ப்பரைக் கொடுக்கத் தயங்கும். ஏற்கெனவே அணியில் உள்ள டிஆரன் ஃபாக்ஸுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 22.9 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கோடையில் வெம்பன்யாமாவுக்கும் பெரிய நீட்டிப்பு காத்திருக்கிறது. இந்த இருவரோடு யானிஸும் சேர்ந்தால் இரண்டாம் ஏப்ரன் கண்ணுக்கு எட்டும் தூரம். அப்படிப்பட்ட அணிக்குக் குறைந்த சம்பளத்தில் ஆடும் ஹார்ப்பர் தங்கம்.

மில்வாக்கிக்கான மறைமுகச் செலவு இன்னும் கசப்பானது. பருவம் தொடங்கும் முன் யானிஸ் போய்விட்டால், பக்ஸ் அட்டவணையின் அடியில் கிடக்கும். 2026 டிராஃப்டில் ஏ.ஜே. டிபான்ட்ஸா, டாரின் பீட்டர்சன், கேமரன் பூசர் என மூன்று பெரிய திறமைகள் எதிர்பார்க்கப்படுகிறார்கள். மில்வாக்கி தோற்றுத் தோற்று அந்த இடத்தை அடைந்தால், டிபான்ட்ஸா அட்லாண்டாவின் சட்டையை அணிவார். ஒரு ரசிகனாக இதை நினைக்கவே எனக்கு முடியவில்லை.

ஹார்ப்பர் உறுதியாக வந்தால் இந்த வழியை ஏற்கலாம். காஸிலும் வாஸலும் மட்டும் என்றால் கூடாது.

வழி 3: போர்ட்லாண்ட்

பலர் ஏறெடுத்தும் பார்க்காத வழி. என் கணக்கில் இதுதான் பேச்சின் மையம். மில்வாக்கியின் 2028, 2029, 2030 தேர்வுகள் மீதான உரிமைகளில் பெரும்பகுதி போர்ட்லாண்டின் பெட்டியில் இருக்கிறது.

சொந்தத் தேர்வுகளைத் திரும்ப வாங்குவது புதிய வித்தை அல்ல. 2024 ஜூனில் மிக்கால் பிரிட்ஜஸை நியூயார்க்குக்கு விற்க முடிவு செய்த அதே வேளையில், புரூக்ளின் தன்னுடைய 2025, 2026 தேர்வுகளை ஹூஸ்டனிடமிருந்து மீட்டுக்கொண்டது. விலையாகக் கொடுத்தது பெரும்பாலும் ஃபீனிக்ஸிடமிருந்து வந்த தேர்வுகளை. 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸ் சான் அன்டோனியோவுக்குப் போன மூன்று அணிப் பரிமாற்றத்தில், சிகாகோ தன் 2025 தேர்வைத் திரும்பப் பெற்றது.

போர்ட்லாண்டோடு இரண்டு விதமாகப் பேசலாம். நேரடிப் பரிமாற்றம் என்றால் ஸ்கூட் ஹெண்டர்சன், ஷேடன் ஷார்ப், சம்பளத்துக்காக ஜெராமி கிராண்ட், அவர்களோடு போர்ட்லாண்டிடம் உள்ள மில்வாக்கியின் தேர்வு உரிமைகளும் திரும்ப வரும். கிராண்ட் ஐந்து ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருப்பவர். ஏற்கெனவே லில்லார்டின் சுமையைத் தூக்கும் அணிக்கு அது கூடுதல் பாரம். அதைவிடப் பெரிய சிக்கல் யானிஸின் மனம். 2021-க்குப் பிறகு பிளேஆஃப் பார்க்காத அணி அது. பழைய தோழர் லில்லார்டு அங்கே இருந்தாலும் இந்தப் பருவம் சிகிச்சையில்தான் கழியும். 2027-இல் யானிஸ் கிளம்பிவிடக்கூடும் என்ற பயத்தில் போர்ட்லாண்ட் முழு விலை கொடுக்காது.

எனவே நான் விரும்புவது மூன்று அணிப் பரிமாற்றம். யானிஸ் சான் அன்டோனியோவுக்கு. ஹார்ப்பரும் பார்ன்ஸும் மில்வாக்கிக்கு. வாஸலும் அட்லாண்டாவின் 2027 தேர்வும் போர்ட்லாண்டுக்கு. 2029 தேர்வின் மீது போர்ட்லாண்டுக்கு உள்ள உரிமையும் இரண்டு மாற்று உரிமைகளும் மில்வாக்கிக்கு. சம்பளத்தைச் சரிக்கட்ட போர்ட்லாண்ட் வீரர்களையும் அனுப்ப வேண்டியிருக்கும். ராபர்ட் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவராக இருக்கலாம்; அவர் சம்பளம் மட்டும் போதாது.

இதில் உள்ள முரண் எனக்குத் தெரியும். யானிஸ் போகிறார் என்று உறுதியான நொடியில் அந்த 2029 தேர்வின் மதிப்பு ஏறிவிடும்; போர்ட்லாண்ட் சும்மா விடாது. வாஸலும் அட்லாண்டா தேர்வும் போதாது, இன்னொரு சான் அன்டோனியோ தேர்வும் வேண்டும் என்பார்கள். கொடுக்கலாம். வெளியார் தேர்வுகள் நான்கைக் குவிப்பதைவிடச் சொந்தத் தேர்வு ஒன்றைக் கையில் வைத்திருப்பது விற்கும் அணிக்கு நல்லது.

வழி 4: நியூயார்க்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்ஜஸுக்காக 2025, 2027, 2029, 2031 தேர்வுகளை நியூயார்க் புரூக்ளினுக்குக் கொடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் பெரிய பொருள் கார்ல்-அந்தோனி டவுன்ஸ். சம்பளம் சுமார் 5.31 கோடி, யானிஸுக்கு மிக அருகில். முதல் ஏப்ரனை (இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே உள்ள சம்பள எல்லை) தாண்டிய நியூயார்க், கொடுப்பதைவிட அதிகச் சம்பளத்தை வாங்க முடியாது என்பதால் இன்னொரு சிறிய ஒப்பந்தத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

டவுன்ஸ் வந்தால் மில்வாக்கி சரிந்துவிடாது. பிளேஆஃப் எல்லையில் நிற்கும். கொடுத்த தேர்வுகளும் உச்சிக்குப் போகாது. ஆனால் டவுன்ஸும் டர்னரும் சேர்ந்த அணி எங்கே போகும்? இரண்டு ஆண்டு கழித்து மில்வாக்கியிடம் யானிஸும் இருக்க மாட்டார், ஹார்ப்பர் போன்ற ஓர் இளைஞரும் இருக்க மாட்டார். யானிஸ் நியூயார்க்கைத் தவிர வேறெங்கும் ஆட மாட்டேன் என்று சொன்னால் மட்டும் இதைப் பேசலாம்.

ஹூஸ்டன் தன் பேரப்பொருளைக் கெவின் டுரான்டுக்காகச் செலவழித்துவிட்டதால் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | வைத்துக்கொள்வது | சான் அன்டோனியோ மட்டும் | போர்ட்லாண்ட் சேர்ந்த மூன்று அணி | நியூயார்க் |
|---|---|---|---|---|
| சொந்தத் தேர்வுகள் | வென்றால் இழப்பு குறையும் | பெரிய இழப்பு | 2028–30 பெரும்பாலும் மீளும் | மிதமான இழப்பு |
| முதன்மை வீரர் | யானிஸே | ஹார்ப்பர் வந்தால் உண்டு | ஹார்ப்பர் | இல்லை |
| சம்பளச் சுமை | கனமானது | குறைகிறது | குறைகிறது | மாற்றமில்லை |
| காலம் | மாதந்தோறும் விலை இறங்கும் | இப்போது உச்ச விலை | பேச நாள் பிடிக்கும் | எப்போதும் முடியும் |

எப்போது எது

என் தேர்வு இரண்டு கட்டமாக இருக்கிறது. பருவத்தை யானிஸோடு தொடங்க வேண்டும். 2026 தேர்வு அட்லாண்டாவுக்கு உச்சியில் போய் விழாமல் காக்க இந்தப் பருவத்தின் வெற்றிகள் தேவை. சரிந்து கிடக்கும் கிழக்கில் அந்த வெற்றிகள் கிடைக்கும். அதே சமயம் போர்ட்லாண்டோடும் சான் அன்டோனியோவோடும் பேச்சு நிற்கக் கூடாது.

ஜனவரி முடிவில் பக்ஸ் கிழக்கின் முதல் நான்கு இடங்களில் இருந்தால், 2031 தேர்வைக் கொடுத்து ஆட்டத்தை நடத்தத் தெரிந்த ஒரு பந்து கையாளுநரை வாங்கி முழுமூச்சாக இறங்கலாம். ஏழாவது, எட்டாவது இடத்தில் தடுமாறினால், பிப்ரவரி 5 என்ற பரிமாற்றக் கெடுவுக்குள் மூன்று அணிப் பரிமாற்றத்தை முடித்துவிட வேண்டும். அதற்குள் கணிசமான வெற்றிகள் சேர்ந்திருக்கும். 2026 இழப்பு மட்டுப்பட்டிருக்கும். வாங்கும் அணிக்கும் ஒன்றரைப் பருவம் உறுதியாகக் கிடைக்கும். கோடை வரை இழுத்தால் அந்த அரைப் பருவமும் போய்விடும்.

யானிஸ் தாமாகவே வெளியேறக் கேட்டால் இந்தக் கணக்கெல்லாம் முன்னுக்கு வரும். அப்போதும் முதல் தொலைபேசி அழைப்பு போர்ட்லாண்டுக்கே போக வேண்டும். சான் அன்டோனியோ அதற்குப் பிறகுதான். செய்தி வெளியே கசிந்த பிறகு போர்ட்லாண்டிடம் பேசுவதில் பயனில்லை.

கவனிக்க வேண்டிய நாள் டிசம்பர் 15. இந்தக் கோடையில் புதிதாக ஒப்பந்தமான வீரர்களில் பெரும்பாலோரைப் பரிமாற அன்றிலிருந்துதான் அனுமதி. டர்னரும் அதில் அடக்கம். அந்த வாரத்தில் மில்வாக்கி யாருடைய பெயரைச் சந்தையில் விசாரிக்கிறது என்று பாருங்கள். அனுபவம் வாய்ந்த ஒரு பந்து கையாளுநரைத் தேடினால் யானிஸ் இருக்கிறார். டர்னருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தால், யானிஸ் போகிறார்.